சிவப்பு விளக்கு தசை வலிக்கு உதவுமா? தோட்டத் திடலில் ஓடும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்

திடலோரம் | திங்கள், இரவு 9.52

வணக்கம். நான் சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். 2007க்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை. ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். பகலில் செம்பனை ஆலையில் வேலை, சாயங்காலம் 5.30க்கு மேல் தோட்டத் திடலில் 11 பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி. ஏழு வருடமாக நடக்கிறது, காசு வாங்குவதில்லை.

ஒரு பிள்ளை படிவம் 3 படிக்கிறாள். 400, 800 இரண்டும் ஓடுவாள். மாவட்டப் போட்டிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மேட்டில் ஓட வைத்தால் வெள்ளிக்கிழமை வரை தொடை பிடித்துக்கொள்கிறது. போன வாரம் பாலர் பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். பதினைந்து வயதுப் பிள்ளை இறங்குகிற மாதிரியா அது? எனக்கு மனசு கேட்கவில்லை.

இதைப் பார்த்துவிட்டு இன்னொரு பிள்ளையின் அப்பா தன் வீட்டிலிருந்த சிவப்பு விளக்குப் பலகையை இரவல் கொடுத்தார். ஆன்லைனில் 780 வெள்ளிக்கு வாங்கியதாம். பெட்டியில் 660, 850 நானோமீட்டர் என்றும், 15 சென்டிமீட்டர் தூரத்தில் 10 நிமிடம் என்றும் போட்டிருக்கிறது. போட்டுப் பார்த்தேன், பாதி பல்பு எரியவில்லை.

என் கேள்விகள்: இது உண்மையிலேயே வேலை செய்யுமா? ஓடுவதற்கு முன் காட்ட வேண்டுமா, பின்னாலா? பிள்ளைகளுக்குக் காட்டலாமா? பல்பு கெட்டுப்போன பலகையா இது?

ஜிம்_மணியம் | திங்கள், இரவு 10.20

அண்ணே, நான் ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன். கால் பயிற்சி செய்த மறுநாள் முன்பெல்லாம் மோட்டாரில் ஏறுவதற்குக் காலைத் தூக்க முடியாது. இப்போது அவ்வளவு இல்லை. தூக்கமும் நன்றாக வருகிறது. நான் பயிற்சி முடிந்து குளித்துவிட்டு 20 நிமிடம் காட்டுகிறேன். நாசாவே பயன்படுத்திய ஒளி அண்ணே இது. தைரியமாகக் காட்டுங்கள்.

குலிம்_தம்பி | திங்கள், இரவு 10.41

பல்பு கெடவில்லை அண்ணே. நான் குலிமில் எல்.இ.டி. செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 660 நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. 850 அகச்சிவப்புப் பக்கம் போய்விடும், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. அறையை இருட்டாக்கிப் பார்த்தால் லேசாகக் கங்கு மாதிரி தெரியலாம். கைப்பேசிக் கேமராவைத் திறந்து பலகையைப் பாருங்கள். செத்துப்போனதாக நீங்கள் நினைக்கிற பல்புகள் திரையில் ஊதா கலந்த வெள்ளையாகத் தெரியும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால்தான் இன்னொரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. கூசுகிற ஒளி என்றால் நாம் தானாகவே கண்ணை மூடிக்கொள்வோம். 850க்கு அந்தக் கூச்சமே வராது. பிள்ளைகள் பலகைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கைப்பேசி பார்க்கக் கூடாது.

அப்புறம் பெட்டியில் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்று போட்டிருக்கிறதா?

திடலோரம் | திங்கள், இரவு 10.58

கேமராவில் தெரிகிறது தம்பி! எல்லாப் பல்பும் எரிகிறது. ரொம்ப நன்றி. நாளைக்கே கடைக்குத் திருப்பி அனுப்பச் சொல்ல இருந்தேன். பெட்டியில் 100 மில்லிவாட் என்று இருக்கிறது.

குலிம்_தம்பி | திங்கள், இரவு 11.15

சரி, கணக்குப் போடுவோம். 100 மில்லிவாட்டை 600 விநாடியால் பெருக்கினால் 60,000 மில்லிஜூல். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 60 ஜூல்.

ஆனால் அந்த 100ஐ நான் நம்ப மாட்டேன். பல விற்பனையாளர்கள் சூரிய ஒளியை அளக்கும் மலிவு மீட்டரை வைத்துத்தான் அளக்கிறார்கள். அது வெயிலுக்கென்று அளவு சரிசெய்யப்பட்ட மீட்டர். சிவப்பு எல்.இ.டி.க்கு முன்னால் வைத்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். உண்மையில் 40 தான் என்று வைத்துக்கொண்டால் அதே பத்து நிமிடத்துக்கு 24 ஜூல். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். நிமிடத்தை மட்டும் சொல்லி, ஒளியின் பலத்தைச் சொல்லாமல் விட்டால் அது மருந்தின் பெயரைச் சொல்லாமல் ‘ரெண்டு கரண்டி குடி’ என்பதுபோல் ஆகிவிடும்.

பிளக்கில் சிரிம் முத்திரை (மின்சாதனப் பாதுகாப்பு முத்திரை) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஈரக் காலோடு பிள்ளைகள் வந்து நிற்கிற இடம் அது.

பிசியோ_அக்கா | செவ்வாய், காலை 6.30

வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும். நான் பிசியோதெரபிஸ்ட், பத்தொன்பது வருடமாக இந்த வேலை.

இது மந்திரமும் இல்லை, முழுப் பொய்யும் இல்லை. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் லேசர் ஒளி புற்றுநோயை உண்டாக்குமா என்று பார்ப்பதற்காக எலிகளின் முதுகை மழித்து ஒளியைக் காட்டினார். புற்றுநோய் வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. அங்கே தொடங்கியது இது. தம்பி மணியம் சொன்ன நாசா கதையிலும் உண்மை இருக்கிறது. விண்வெளியில் செடி வளர்க்க எல்.இ.டி. ஆராய்ச்சிக்கு நாசா பணம் கொடுத்தது. அதே விளக்குகளை வைத்து விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் காயம் ஆறுவதைப் பற்றி ஆராய்ந்தார்கள். அதனால் கடையில் விற்கும் பலகைக்கெல்லாம் நாசா முத்திரை குத்தியதாக ஆகிவிடாது.

எப்படி வேலை செய்கிறது என்றால், நம் தசை உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, சக்தி தயாரிக்கிற இடம். அதில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி. சிவப்பு ஒளியையும் அதற்கு அடுத்த அகச்சிவப்பு ஒளியையும் அது உறிஞ்சும். அதனால் சக்தி உற்பத்தி கூடுகிறது, நைட்ரிக் ஆக்சைடு விடுபட்டு ரத்த ஓட்டமும் கூடுகிறது என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். பழைய கிளினிக்குகளில் முதுகுக்கு வைக்கும் சிவப்புச் சூட்டு விளக்கு வேறு. அது சூட்டால் வேலை செய்வது.

விளையாட்டு வீரர்களிடம் இதை அதிகம் ஆராய்ந்தவர்கள் பிரேசில்காரர்கள். எர்னஸ்டோ லீல் ஜூனியரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2019இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். சிறிய தசைக்கு மொத்தம் 20 முதல் 60 ஜூல், தொடை போன்ற பெரிய தசைக்கு 60 முதல் 300 ஜூல். இது சதுர சென்டிமீட்டர் கணக்கு இல்லை, தசை முழுவதற்கும் சேர்த்து. பயிற்சிக்கு 5 நிமிடத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் முன்னால் காட்ட வேண்டும் என்கிறார்கள். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், முன்னால். பின்னால் காட்டியும் ஆராய்ந்திருக்கிறார்கள், ஆனால் முன்னால் காட்டியதற்குத்தான் ஆதாரம் பலமாக இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் கருவியைத் தோலில் அழுத்தி வைத்து, தொடையில் பல இடங்களில் இத்தனை விநாடி என்று காட்டினார்கள். ஒரு சாண் தள்ளி நிற்கும் பலகை அப்படி இல்லை. ஒளியில் ஒரு பங்கு தோலிலேயே பட்டுத் திரும்பிவிடும். நம் தோலில் நிறமி கூடுதல். 660 ஒளியை நிறமி அதிகம் விழுங்கும், 850ஐக் குறைவாக. தசை வரை போவதற்கு நமக்கு 850 தான் முக்கியம். சிவப்பை மட்டும் கூட்டி வைத்தால் தோல் சூடாகும், தசைக்குப் போய்ச் சேர்வது குறையும்.

அதிகம் காட்டினால் அதிகம் பலன் என்றும் நினைக்காதீர்கள். இந்த ஒளிக்கு ஓர் அளவு வரை பலன் கூடும், அதைத் தாண்டினால் குறையும், சில சமயம் ஒன்றுமே இல்லாமல் போகும். மணியம் தம்பி, 20 நிமிடம் என்பது உங்கள் பலகைக்கு அதிகமாக இருக்கலாம்.

ஆதாரத்தில் ஓட்டையும் இருக்கிறது. நிறைய ஆராய்ச்சிகள் சிறியவை, சிலவற்றைச் செய்தவர்களுக்குக் கருவி விற்பவர்களோடு தொடர்பு உண்டு, பலனே தெரியாத ஆராய்ச்சிகளும் வந்திருக்கின்றன. எல்லோரும் காட்டுகிற இரட்டையர் ஆராய்ச்சி 2016இல் வந்தது. 12 வாரம் பயிற்சி செய்த ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு ஒளி, இன்னொருவருக்குப் பொய் ஒளி. ஒளி பெற்றவருக்கு நல்ல முன்னேற்றம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஒரே ஒரு ஜோடி.

பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய் ஓடி வெள்ளி வரை வலிப்பது பயிற்சிக்குப் பின் வருகிற சாதாரண வலியாக இருக்கலாம், அது மூன்று நாள் வரை நீடிக்கும். ஆனால் வாராவாரம் அதே மேட்டில் ஓடினால் உடம்பு பழகி வலி குறைய வேண்டும். ஏன் குறையவில்லை? விளக்கைப் பற்றி யோசிக்கும் முன் நான் அதைத்தான் கேட்பேன். எத்தனை மணிக்குத் தூங்குகிறாள்? காலையில் என்ன சாப்பிடுகிறாள்? மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா? இரும்புச்சத்துக் குறைந்தாலும் பிள்ளைகள் சோர்ந்து போவார்கள். அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோக் நிறத்தில் போனால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை.

குலைவெட்டு | செவ்வாய், மதியம் 2.05

நான் படிச்சவன் இல்லை, தப்பாகச் சொன்னால் மன்னிக்கணும். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்டார்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தோள் வலி. உயரமான மரம் என்றால் அரிவாள் கட்டிய கம்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து இழுக்கணும். குலை ஒன்று 20 கிலோ வரும். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து இறங்கினால் பகல் 1 மணி வரை அதே வேலை.

எனக்கு 52 வயது. வலது தோள் எட்டு மாதமாக வலிக்கிறது. கோடாலித் தைலம், நொச்சி ஒத்தடம் எல்லாம் பார்த்தாச்சு. மகன் சின்ன சிவப்பு விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தான். காட்டும்போது இதமாக இருக்கு, அரை மணி நேரத்தில் திரும்ப வருது. விளையாடுறவங்களுக்கு மட்டும்தானா, எங்களைப் போல் வேலை செய்றவங்களுக்கும் ஆகுமா?

பிசியோ_அக்கா | செவ்வாய், இரவு 8.10

அண்ணே, உங்களை முதலில் கவனிக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலித்து எழுப்புகிறதா? கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதியில் நிற்கிறதா? சட்டை போடும்போது பின்னால் கை போகிறதா?

குலைவெட்டு | செவ்வாய், இரவு 8.32

ராத்திரி எழுப்பும். கை தோள் உயரத்துக்கு மேல் தானாக ஏறாது. இடது கையால் பிடித்துத் தூக்கிவிடுவேன். தூக்கிவிட்டால் நிற்கும். கம்பத்தை இப்போது இடது கையால்தான் இழுக்கிறேன்.

பிசியோ_அக்கா | செவ்வாய், இரவு 8.50

அது சாதாரணத் தசைப்பிடிப்பு மாதிரி தெரியவில்லை அண்ணே. தோளைச் சுற்றியிருக்கிற தசைநார் கிழிந்திருக்கலாம். ஆளைப் பார்க்காமல் நான் முடிவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் இந்த வாரமே கிளினிக்குப் போங்கள். இப்போது எனக்குச் சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். விளக்கின் இதத்தை நம்பி எட்டு மாதம் பத்து மாதமாகிவிடக் கூடாது. நார் கிழிந்திருந்தால் நாள் போகப் போகத் தசை சுருங்கிவிடும், அப்புறம் சரிசெய்வது கஷ்டம்.

நானூறு_மீட்டர் | செவ்வாய், இரவு 9.30

நான் எண்பதுகளில் பேராக்கில் ஓடியவள். எங்கள் காலத்தில் சிமெண்டுத் தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அதில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவ்வளவுதான் வசதி. எங்களுக்கு முன்னால் தாப்பாவிலிருந்து எம். ராஜாமணி ஓடினார். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக் வரை போனவர், 1966இல் தேசிய விளையாட்டு வீராங்கனை விருதை முதன்முதலாக வாங்கியவரும் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் என் அப்பா என்னைத் திடலுக்கு அனுப்பினார்.

அப்போது இல்லாததால் இப்போதும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்குக் கிடைத்திருந்தால் நானும் காட்டியிருப்பேன். என் பயிற்சியாளர் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். கடும் பயிற்சிக்கு மறுநாள் எங்களைத் திடலுக்கு வரச் சொல்வார், ஓடச் சொல்ல மாட்டார். இரண்டு சுற்று நடக்கச் சொல்லிவிட்டு, அவித்த மரவள்ளிக் கிழங்கும் முட்டையும் கொடுப்பார். தம்பி, நீங்கள் புதன்கிழமை என்ன செய்ய வைக்கிறீர்கள்?

திடலோரம் | செவ்வாய், இரவு 9.47

அக்கா, புதன்கிழமையும் ஓட்டம்தான். போட்டி நெருங்குகிறதே என்று போன மாதம்தான் கூட்டினேன். நீங்கள் கேட்டபோதுதான் எனக்கே உறைக்கிறது.

கேண்டீன்_அம்மா | செவ்வாய், இரவு 11.20

சார், நீங்கள் எழுதியிருப்பது என் மகளைப் பற்றித்தான். வேலை முடிந்து இப்போதுதான் படித்தேன். உங்கள் மேல் கோபம் இல்லை, நீங்கள் அவள் மேல் வைத்திருக்கிற அக்கறை எனக்குத் தெரியும்.

பிசியோ அக்கா கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். நான் பள்ளிக் கேண்டீனில் சமைக்கிறேன். காலை 4 மணிக்கு எழுந்து நாசி லெமாக் கட்ட வேண்டும். அவள் 4.30க்கு எழுந்து எனக்கு இலை துடைத்து, நெத்திலி பொரித்துக் கொடுத்துவிட்டுத்தான் குளிப்பாள். 6 மணிக்குப் பள்ளிப் பேருந்து. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வர 7.30 ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டுப் பாடம் எழுதிப் படுக்க 11.30. நான் ஒருநாளும் அவளை எழுப்பியது இல்லை சார், அவளாகத்தான் எழுந்து வருவாள். எனக்கு ஒத்தாசை என்று சந்தோஷப்பட்டேனே தவிர, எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

பிசியோ_அக்கா | புதன், காலை 6.15

அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இப்படி உதவுகிற பிள்ளை கிடைக்க நீங்கள் கொடுத்துவைத்தவர்.

11.30க்குப் படுத்து 4.30க்கு எழுந்தால் 5 மணி நேரம். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. கிழிந்த தசையை உடம்பு சரிசெய்கிற வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. சிவப்பு ஒளியே தூக்கத்தோடு சம்பந்தப்பட்டது என்று சீனாவில் ஓர் ஆராய்ச்சி 2012இல் வந்தது. கூடைப்பந்து விளையாடும் 20 பெண்கள், அவர்களில் ஒரு பாதிக்கு 14 நாள், இரவில் 30 நிமிடம் உடம்பு முழுக்க ஒளி. அவர்களுடைய தூக்கம் மேம்பட்டது. மணியம் தம்பிக்குத் தூக்கம் வருவதாகச் சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் தூங்க நேரமே இல்லாத பிள்ளைக்கு எந்த ஒளியைக் காட்டி என்ன செய்வது?

கேண்டீன்_அம்மா | புதன், இரவு 10.02

இன்று அவளிடம் பேசினேன். நெத்திலியை ராத்திரியே என் மாமியார் பொரித்துவைப்பதாகச் சொல்லிவிட்டார். இலை துடைப்பதற்கும் அவரே இருக்கிறார். இனி 5.30க்கு எழுந்தால் போதும். அழுதாள் சார். அம்மாவுக்கு யார் உதவுவார்கள் என்று கேட்டு அழுதாள்.

ஜிம்_மணியம் | புதன், இரவு 10.30

அக்கா, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. பிசியோ அக்கா சொன்னதால் நானும் நேரத்தைக் குறைத்துப் பயிற்சிக்கு முன்னால் காட்டிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். பயிற்சி முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் உட்காருகிறார்களே, அதையும் சேர்த்துச் செய்யலாமா?

பிசியோ_அக்கா | வியாழன், இரவு 7.40

தசை வளர்க்கத்தான் எடை தூக்குகிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் ஐஸ் வேண்டாம் தம்பி. பளுப் பயிற்சி முடிந்ததும் குளிர்ந்த நீரில் உட்கார்வதை வழக்கமாக வைத்தால் தசை வளர்ச்சி குறைகிறது என்று 2015இல் ஒரு நல்ல ஆராய்ச்சி காட்டியது. ஒரே நாளில் இரண்டு போட்டி இருந்தால் அது வேறு கதை.

திடலோரம் அண்ணே, உங்களுக்கு: பிள்ளைகளுக்கு இப்போதைக்குக் காட்ட வேண்டாம். வளரும் பிள்ளைகளிடம் நடந்த ஆராய்ச்சி குறைவு. நீங்கள் பெரியவர், உங்கள் காலில் பார்த்துக்கொள்ளலாம். வெயில் பட்டால் தோல் சிவக்கும் என்று சொல்லிக் கொடுத்த மாத்திரை எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முதலில் மருந்தகத்தில் கேளுங்கள். எலிக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற டாக்சிசைக்ளின் அப்படிப்பட்ட மாத்திரைதான், தோட்டத்தில் அது சகஜம் என்பதால் சொல்கிறேன். கறுப்புப் பச்சை குத்திய இடத்தில் காட்டினால் சுடும். கருவியை வலி தீர்க்கும் மருத்துவக் கருவி என்று சொல்லி விற்றிருந்தால், 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டப்படி அது பதிவாகியிருக்க வேண்டும். மருத்துவச் சாதன ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

திடலோரம் | வியாழன், இரவு 9.15

சரி அக்கா. என் காலிலேயே பார்க்கிறேன். ஒரு காலுக்கு மட்டும் காட்டி, இன்னொரு காலை அப்படியே விட்டால் வித்தியாசம் தெரியுமில்லையா?

குலிம்_தம்பி | வியாழன், இரவு 9.33

அருமையான யோசனை அண்ணே. ஆனால் எந்தக் காலுக்கு ஒளி என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசே வலியைக் குறைத்துக் காட்டும். வீட்டில் யாராவது காசு சுண்டிப் பார்த்துக் காலைத் தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள், மற்றக் காலைத் தடித்த கறுப்புத் துணியால் மூடச் சொல்லுங்கள். சூடு காட்டிக் கொடுத்துவிடும், அதனால் மின்விசிறியை இரண்டு காலிலும் படும்படி வேகமாக ஓடவிடுங்கள். எந்தக் கால் என்று நோட்டில் எழுதி அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

திடலோரம் | நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.10

எல்லோருக்கும் வணக்கம். சொன்னபடி செய்தேன். நான்கு சனிக்கிழமை. என் மகள் காசு சுண்டினாள், 20 சென்டிமீட்டரில் பலகை, 5 நிமிடம், கெண்டைக்காலுக்கு. அரை மணி நேரம் கழித்துப் பாலர் பள்ளிக்குப் பின்னாலிருக்கிற மேட்டில் 12 தடவை ஏறி இறங்கினேன். மறுநாள் காலை ஒற்றைக் காலில் நின்று முடியாதவரை குதிகாலைத் தூக்கி எண்ணினேன்.

இன்று நோட்டைத் திறந்தோம். ஒளி பட்ட கால், படாத கால் என்ற வரிசையில் சொல்கிறேன். முதல் வாரம் 21, 18. இரண்டாவது 20, 20. மூன்றாவது 23, 21. நான்காவது 24, 21. மூன்று வாரம் ஒளி பட்ட கால் முன்னால் நிற்கிறது, ஒரு வாரம் சமம். மின்விசிறி ஓடியும் இரண்டு தடவை எந்தக் காலில் ஒளி என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள், நான்கு நாள். இதை வைத்துப் பெரிதாக எதுவும் பேச முடியாது. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளை விஷயம். புதன்கிழமை ஓட்டத்தை எடுத்துவிட்டேன். திடலுக்கு வருகிறார்கள், நடக்கிறார்கள், அவித்த முட்டை சாப்பிடுகிறார்கள் (நானூறு மீட்டர் அக்காவுக்கு நன்றி. மரவள்ளியைக் குலைவெட்டு அண்ணன் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து தருகிறார்). மேட்டு ஓட்டத்தை 10 தடவையிலிருந்து 6ஆகக் குறைத்து, வாரத்துக்கு ஒன்று கூட்டுகிறேன். கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். இரும்புச்சத்துக் குறைவு, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது 10 மணிக்குப் படுத்து 5.30க்கு எழுகிறாள். போன வெள்ளிக்கிழமை படிக்கட்டில் இறங்கும்போது கையில் சப்பாத்து, வாயில் பேச்சு, நேராக இறங்கினாள். விளக்கை அவளுக்கு ஒருநாளும் காட்டவில்லை.

பலகை சமூக மண்டபத்தில் இருக்கிறது. பெரியவர்கள் மட்டும், 20 சென்டிமீட்டர், 5 நிமிடம், கண்ணாடி போட வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பிசியோ_அக்கா | ஞாயிறு, மாலை 6.25

இரும்பு மாத்திரையை டீயோடு குடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். டீ குடித்தால் சத்துச் சேராது. கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக் கொடுக்கலாம். குலைவெட்டு அண்ணன் என்ன ஆனார்?

குலைவெட்டு | ஞாயிறு, இரவு 8.00

இருக்கேன் தங்கச்சி. டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்ன அதே நார் கிழிந்த சந்தேகம்தான் சொன்னார். மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்க 19ஆம் தேதி வரச் சொல்லிக் கடிதம். மண்டோரிடம் (மேஸ்திரி) பேசி உதிரி பொறுக்கும் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். சம்பளம் குறையும், பரவாயில்லை. காலை 8 மணிக்கு அங்கே இருக்கணுமாம். முதல் பஸ் அதற்குள் போய்ச் சேருமா என்று தெரியவில்லை.

திடலோரம் | ஞாயிறு, இரவு 8.06

பஸ் வேண்டாம் அண்ணே. நான் அன்று லீவு போட்டுக் காடியில் வருகிறேன். 6.30க்கு லயத்து முனையில் நில்லுங்கள். கடிதத்தையும் அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.